ஏணியை உதைத்தவர்கள்: பிரீடிரிக் லிஸ்ட்டும் உலகமயமும்

உலகமயமாதல் என்னும் சொல் நம் நாளிதழ்களில் நாள்தோறும் அடிபடத் தொடங்கியது 1991-ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாகும். ஆயின் அச்சொல் சுட்டும் வினா மிகப் பழையது. நாடுகள் தத்தம் எல்லைகளைத் திறந்துவிட்டுத் தடையின்றி வாணிகம் செய்தால் அதன் பயன் எல்லார்க்கும் கிட்டுமா, அன்றி முன்னரே வலிமை பெற்றுவிட்ட நாட்டிற்கு மட்டும் கிட்டுமா என்னும் வழக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிஞரிடையே நடந்து வருகின்றது. இவ்வழக்கில் சான்று கூற ஒரு ஜெர்மானிய எழுத்தாளரை அழைக்க வேண்டுமெனில் கார்ல் மார்க்சின் பெயரே நம் நாவில் முதலில் வரும். அவரினும் ஒரு தலைமுறை மூத்தவரும், தமிழ் படிப்போர் பெரிதும் அறியாதவருமான பிரீடிரிக் லிஸ்ட் என்பாரை நாம் ஈண்டு அழைக்க விரும்புகின்றோம். அரசுகள் இன்று வாணிகத்தில் நடந்துகொள்ளும் முறையை மார்க்சைக் காட்டிலும் லிஸ்ட்டே தெளிவாக விளக்குகின்றார் என்பது நம் கருத்து. அவர் கண்ட உலகில் நம்மைப் போன்ற நாட்டவர்க்கு இடம் இருந்ததா என்பது வேறு வினா. அதனையும் மறையாது பார்ப்போம்.

லிஸ்ட் 1789-ஆம் ஆண்டு தென்மேற்கு ஜெர்மனியில் ராய்ட்லிங்கன் என்னும் சிறு நகரில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜெர்மனி என்று நாம் சொல்கின்றோமேயன்றி, அந்நாளில் அப்பெயரில் ஒரு நாடு இல்லை. நெப்போலியன் வீழ்ந்தபின் அமைந்த கூட்டமைப்பில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான அரசுகள் இருந்தன. ஒவ்வோர் அரசும் தன் எல்லையில் சுங்கச்சாவடி அமைத்து வரி தண்டியது. 1819-இல் பிராங்க்பர்ட்டில் வணிகர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்த லிஸ்ட், கூட்டமைப்பு மன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நாட்டிற்குள் 38 சுங்க எல்லைகள் இருப்பதையும், பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு அனுப்பும் வணிகன் பத்து அரசுகளைக் கடந்து பத்து முறை வரி செலுத்த வேண்டியிருப்பதையும் அதில் எடுத்துரைத்தார். இதனைப் படிக்கும் நம்மவர்க்குப் பம்பாயின் நுழைவாயில்களில் இருந்த ஆக்ட்ராய்ச் சாவடிகள் நினைவுக்கு வரலாம். சென்னையிலிருந்து வீட்டுச் சாமான் ஏற்றிவந்த லாரி அங்கு மணிக்கணக்கில் நின்றதை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அச்சாவடிகள் 2017 சூலை முதல் நாளன்று பொருள், சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதுதான் ஒழிந்தன. ஜெர்மானியர் அத்தகைய தடைகளைப் பெரும்பாலும் 1834-இலேயே பிரஷ்யாவின் தலைமையில் அமைந்த சுங்க ஒன்றியத்தால் நீக்கிக்கொண்டனர்.

ஆகவே லிஸ்ட்டைத் தடையற்ற வாணிகத்தின் பகைவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குதல் தவறு. நாட்டிற்குள் தடையே கூடாது என்பதும், நாட்டின் எல்லையில் அளவான தடை வேண்டும் என்பதும் அவருடைய கொள்கையின் இரு கைகள். முதல் கையை மறந்து இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டவர்கள் பின்னாளில் பலர்.

அவருடைய வாழ்வில் இடம்பெயர்ந்தோராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1817-ஆம் ஆண்டு வூர்ட்டம்பர்க் அரசின் அலுவலராக இருந்த லிஸ்ட்டை, ஹைல்பிரான் முதலிய ஊர்களுக்கு அரசு அனுப்பியது. அமெரிக்காவிற்குப் புறப்பட்டு நிற்கும் மக்களைக் கண்டு, எதற்காக ஊரை விட்டுப் போகின்றீர்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும் என்பது ஆணை. முந்திய ஆண்டில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்திருந்தது. ஆயினும் மக்கள் பஞ்சத்தை மட்டும் சொல்லவில்லை. வரிச்சுமையையும், ஊர் அதிகாரிகளின் கெடுபிடியையும், முறையிட்டும் கேட்பார் இன்மையையும் சொன்னார்கள். லிஸ்ட் அவற்றைச் சொன்னபடியே எழுதினார். பிழைப்புத் தேடிச் செல்லும் மனிதனோடு ஒரு நாட்டின் உழைப்பும் திறமையும் கூடவே வெளியேறுகின்றன என்னும் எண்ணம் அவருடைய பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது.

விரைவில் அவரும் வெளியேற நேர்ந்தது. டியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், பின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர், 1821-இல் நிருவாகச் சீர்திருத்தம் வேண்டி வரைந்த விண்ணப்பத்திற்காக மன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். பத்துத் திங்கள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தப்பியோடிச் சில ஆண்டுகள் அலைந்து திரும்பியவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். நாட்டை விட்டு அமெரிக்காவிற்குச் செல்வதாக ஒப்புக்கொண்ட பின்னரே 1825-இல் விடுவித்தார்கள்.

பென்சில்வேனியாவில் நிலம் வாங்கி உழுது பார்த்தார், அது கைகூடவில்லை. ரெடிங் என்னும் ஊரில் ஜெர்மன் மொழி இதழொன்றிற்கு ஆசிரியரானார். மலைப்பகுதியில் நிலக்கரிப் படுகை கண்டு, அக்கரியைக் கொண்டுசெல்ல இருப்புப்பாதை அமைக்கும் நிறுவனத்தில் பங்கு கொண்டார். நூல்களில் படித்த பொருளியலை அவர் மறந்ததும் வேறொன்றைக் கற்றதும் இங்கேதான். அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-இல் அமெரிக்கப் பேரவைக்கு அளித்த கைத்தொழில் அறிக்கை முதலாக, இளந்தொழிலைச் சுங்கவரியால் காக்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருந்தது. காடு திருத்திய இடத்தில் பத்தே ஆண்டுகளில் ஆலை எழுவதையும், ஆலையைச் சுற்றிப் பள்ளியும் அச்சகமும் வங்கியும் முளைப்பதையும் லிஸ்ட் தம் கண்ணால் கண்டார். அங்கு உருவான எண்ணங்களே விரிந்து 1841-இல் 'அரசியல் பொருளியலின் தேசிய முறை' என்னும் அவருடைய பெருநூலாயின.

அந்நூலின் உயிர்க்கருத்தை எளிதில் சொல்லலாம். ஆடம் ஸ்மித் வழிவந்தோர் செல்வத்தை எண்ணுகின்றனர். செல்வத்தை ஆக்கும் ஆற்றலை எண்ணுவதில்லை என்பது லிஸ்ட்டின் குற்றச்சாட்டு. அவர்கள் கணக்குப்படி பன்றி வளர்ப்பவன் ஆக்கத்தொழில் செய்பவன். மனிதரை வளர்க்கும் ஆசிரியன் அவ்வாறு அல்லன் என்று எள்ளி நகையாடுகின்றார். இன்று மலிவாகக் கிடைக்கும் அயல்நாட்டுப் பொருளை வாங்கினால் கையில் நாலு காசு மிஞ்சும் என்பது மெய்யே. அப்பொருளைத் தானே செய்யக் கற்கும் வாய்ப்பு கைவிட்டுப் போகின்றது என்பதும் மெய்யே. இரண்டாவதன் இழப்பை எந்த வணிகனும் தன் பேரேட்டில் எழுதுவதில்லை; அதனை எழுத வேண்டியது அரசு என்பது அவர் வாதம்.

இதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று நம் கடற்கரையைச் சார்ந்தது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியும் வண்ணம் தீட்டிய துணியும் 17-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரை மயக்கின. ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம் 1639-இல் சென்னையில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். இந்தியத் துணி இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கவே, 1700-ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணம் தீட்டிய, அச்சிட்ட இந்தியத் துணிகளை அந்நாட்டில் உடுத்தத் தடை விதித்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை மேலும் இறுக்கிற்று. குழுமம் நம் துணியை ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு மலிவாக விற்றது; ஆங்கிலேயரோ விலை மிகுந்த, தரம் குறைந்த தம் நாட்டுத் துணியையே உடுத்தினர். ஆங்கில அமைச்சர்கள் அறிவற்றவர்களா என்று லிஸ்ட் வினவுகின்றார். அல்லர், அவர்கள் மலிவை விட்டு ஆற்றலைத் தேடிக்கொண்டார்கள் என்பதே அவர் கூறும் விடை. மலிவுத் துணியை வாங்கி மகிழ்ந்த நாடுகள் பின்னாளில் அதே ஆங்கிலேயரிடம் ஆலைத்துணி வாங்கும் நிலைக்கு வந்தன. நம் நெசவாளர் அடைந்த கதியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புகழ்பெற்ற ஏணி உவமை இங்கேதான் வருகின்றது. ஏணி வைத்து உச்சிக்கு ஏறியவன், பிறர் தன்பின் ஏறாதிருக்கும் பொருட்டு அதனை உதைத்துத் தள்ளுதல் வழக்கமான சூழ்ச்சி என்கின்றார் லிஸ்ட். காப்பு வரியாலும் கப்பற் சட்டங்களாலும் உயர்ந்த இங்கிலாந்து, உயர்ந்த பின் தடையற்ற வாணிகமே அறம் என்று உலகிற்கு ஓதுவதை அவர் அவ்வாறு கண்டார். 1846-இல் அந்நாடு தானியச் சட்டங்களை நீக்கியபோது லிஸ்ட் இலண்டனில் இருந்தார். ஈராண்டுக்குப்பின், 1848 சனவரியில் பிரசல்ஸ் நகரில் பேசிய மார்க்சு தடையற்ற வாணிகத்தை ஆதரித்தார். அது பழைய தேசிய எல்லைகளைக் கரைத்துப் புரட்சியை விரைவுபடுத்தும் என்பது அவர் காட்டிய காரணம். லிஸ்ட் அதனைக் கேட்க உயிரோடு இல்லை. வறுமையும் நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1846 நவம்பர் 30 அன்று ஆல்ப்சு மலையடியில் கூஃப்ஸ்டைன் என்னும் ஊரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எல்லைகள் கரையவில்லை என்பதை அடுத்த நூற்றாண்டு முழுவதும் காட்டிற்று.

எவ்வளவு காலம், எவ்வளவு வரி என்பதிலும் அவர் கணக்காகவே இருந்தார். தொடக்கத்தில் 40 முதல் 60 விழுக்காடு வரையிலான காப்பினால் வேரூன்றாத தொழிலும், பின்னர் 20 முதல் 30 விழுக்காட்டில் நிலைத்து நில்லாத தொழிலும் அந்நாட்டிற்கு உரியன அல்ல என்றார். உணவுப் பொருளுக்குக் காப்பு வரி கூடாது என்றார். தொழில் முதிர்ந்தபின் எல்லைகள் திறக்கப்பட வேண்டும் என்றார். அனைத்து நாடுகளும் ஒத்த நிலை எய்தியபின் உலகம் ஒன்றாவதே முடிந்த நோக்கம் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

வாழ்நாளில் மதிப்புப் பெறாத அந்நூல் அவருக்குப்பின் நெடுந்தொலைவு பயணம் செய்தது. 1879-இல் பிஸ்மார்க் ஜெர்மனியின் சுங்கவரிகளை உயர்த்தினார். உருசியாவில் பின்னாளில் நிதியமைச்சரான செர்கே விட்டே 1889-இல் லிஸ்ட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதே ஆண்டில் அந்நூல் சப்பானிய மொழியில் வெளிவந்தது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதி வரியை 50 விழுக்காட்டை ஒட்டி உயர்த்திற்று.

இந்தியாவிற்கு அவரை அறிமுகம் செய்தவருள் முதன்மையானவர் மகாதேவ கோவிந்த ரானடே. 1892-இல் புனே தக்காணக் கல்லூரியில் இந்தியப் பொருளியலைப் பற்றி ஆற்றிய உரையில், ஆங்கிலப் பொருளியல் விதிகள் எக்காலத்திற்கும் எந்நாட்டிற்கும் பொருந்துவன அல்ல என்று கூறி, அதற்குத் துணையாக லிஸ்ட்டையும் ஜெர்மானியரையும் காட்டினார். வெப்ப மண்டல நாடுகள் மூலப்பொருள் விளைவிக்க, மித வெப்ப நாடுகள் அவற்றைப் பண்டமாக்கித் தர வேண்டும் என்னும் பங்கீட்டையும் அவ்வுரையில் கடுமையாக மறுத்தார். பழமை போற்றும் ஆங்கிலப் பொருளியலாரின் கொள்கையாகவே அதனை அவர் கண்டித்தார்.

இங்கு நாம் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் அப்பங்கீடு லிஸ்ட்டின் நூலிலேயே இருக்கின்றது. வெப்ப மண்டல நாடுகள் ஆலைத்தொழிலுக்கு ஏற்றவை அல்ல. அவை பருத்தியும் சர்க்கரையும் காப்பியும் தந்து ஐரோப்பியப் பண்டங்களைப் பெற்றுக்கொள்வதே இயற்கையான முறை என்று லிஸ்ட் தெளிவாக எழுதியிருக்கின்றார். ஆசிய நாடுகள் ஐரோப்பியரின் பொறுப்பில் வருவதிலும் அவர் குற்றம் காணவில்லை. ஆலந்தும் தென்மார்க்கும் ஜெர்மனியோடு சேர வேண்டியவை என்று கருதியவர் அவர். ஏணியை உதைத்த ஆங்கிலேயர்மீது சினம் கொண்ட அப்பெருமகனார், அதில் ஏறும் உரிமையை ஐரோப்பியர்க்கும் அமெரிக்கர்க்கும் மட்டுமே எழுதி வைத்தார். மித வெப்ப மண்டலத்து மான்செஸ்டரையே சீட்டித் துணியால் நடுங்கவைத்த நாடு, தட்பவெப்பத்தின் காரணமாக நெய்யத் தகுதியற்றது என்பது எவ்வகை அறிவியல் என்று நாம் கேட்கலாம். ரானடே லிஸ்ட்டை எடுத்தாண்டே லிஸ்ட்டின் இப்பிழையைத் தகர்த்தார். கடன் வாங்கிய வாளைத் தீட்டி வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

கருத்து இருந்தும் அரசு இல்லாவிடில் என்னாகும் என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. 1896-இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை விழுக்காடு சுங்கம் விதித்த ஆங்கில அரசு, அதனால் இலங்காசயருக்குக் குறை நேராவண்ணம் இந்திய ஆலைத்துணிக்கும் அதே மூன்றரை விழுக்காடு உள்நாட்டு வரி விதித்தது. அது நீங்க 1926 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றது. அதனைத் தடுக்க வேண்டிய அரசு 1908-இல் வ. உ. சி.யையே சிறையிட்டது. இளந்தொழிலுக்குக் காப்பு தரும் நாடு அதற்கு இல்லை. அதனை ஒடுக்கும் நாடு எதிரணியில் இருந்தது. லிஸ்ட்டின் நூலுக்கு உரை எழுதுவோர் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடிக் காண்பது அரிது.

விடுதலைக்குப்பின் நாம் ஏணி வைத்தோம்; எண்ணி வைத்தோமா என்பதில் ஐயம் உண்டு. 1950-களின் இறுதியில் உத்தரபாராவில் உருவாகத் தொடங்கிய அம்பாசிடர் வண்டி, ஆங்கில மாரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சிலேயே வார்க்கப்பட்டு, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை பெரிய மாற்றம் ஏதும் இன்றி ஓடிற்று. அதன்மேல் நமக்கெல்லாம் ஒரு பாசம் உண்டு. ஆயினும் நாற்பது வயதிலும் தொட்டிலை விட்டு இறங்காத குழந்தையை லிஸ்ட் இளந்தொழில் என்று ஒப்பியிருக்க மாட்டார். இதற்கு மாறானது மருந்துத் தொழில். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும் உரிமை வழங்கிற்று. மருந்துப் பொருளுக்கு வழங்கவில்லை. ஆகவே நம் வேதியியலார் அதே மருந்தை வேறு முறையில் செய்யக் கற்றனர். எயிட்சு நோய்க்கான கூட்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் தர முடியும் என்று 2001-இல் ஓர் இந்திய நிறுவனம் உலகிற்கு அறிவித்தது இக்கல்வியின் பயனே. ஜெர்மனியும் தன் 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேதிப்பொருளுக்கு உரிமை தராமல், செய்முறைக்கே தந்து, 1960-களின் பிற்பகுதிவரை அவ்வாறே இருந்தது. அவ்வேணியில் ஏறி உச்சியை அடைந்த நாடுகள் கூடி, 1995-இல் உலக வணிக அமைப்பின் வழியாகப் பொருட்காப்புரிமையை அனைவர்க்கும் விதியாக்கின. நாம் 2005 முதல் அதற்கு இணங்கினோம்.

அண்மைக் காலச் செய்தி இன்னும் விந்தையானது. கதிரவன் ஆற்றலால் மின்சாரம் எடுக்கும் 2010-ஆம் ஆண்டுத் திட்டத்தில், குறிப்பிட்ட பகுதிக்கு இந்தியாவில் செய்த தகடுகளையே பயன்படுத்த வேண்டும் என்று நம் அரசு விதித்தது. அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2016-இல் உலக வணிக அமைப்பு அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 2022-இல் அமெரிக்கா தானே ஒரு சட்டம் இயற்றி, உள்நாட்டுப் பொருளைக் கொண்டு அமையும் மின்திட்டங்களுக்குக் கூடுதல் வரிச்சலுகை தந்தது. அதே ஆண்டில் சில்லுத் தொழிலுக்கு 5,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கிற்று. வழக்கை மேல்முறையீட்டில் கேட்க வேண்டிய நடுவர் குழு, புதிய நடுவர்களை அமெரிக்கா ஏற்க மறுத்தமையால் 2019 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அந்நாடு 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நேரடியாக அடிபட்டது. உச்சியில் நிற்பவன், கீழே வேறொருவன் ஏறி வருவதைக் கண்டதும், தான் உதைத்த ஏணியைத் தானே எடுத்து மீண்டும் சார்த்திக்கொள்கின்றான். இக்காட்சியை லிஸ்ட் எழுதவில்லை. ஆனால் அவருடைய நூலைப் படித்தவர்க்கு இது வியப்பளிப்பதில்லை. எல்லைகள் கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தவர்களே இன்று விளக்கம் தேடி நிற்கின்றனர்.

அவர் விளக்காதது ஒன்று உண்டு. லிஸ்ட்டின் கணக்கில் ஆலை நாட்டிற்கு உரியது. நாட்டின் ஆலை வளர்ந்தால் நாட்டின் ஆற்றல் வளரும். திருப்பெரும்புதூர் ஆலையில் கைப்பேசி கோக்கும் தமிழ்ப் பெண்ணைப் பார்ப்போம். கைப்பேசியின் பெயரும் வடிவமைப்பும் அமெரிக்க நிறுவனத்திற்கு உரியவை. ஆலையை நடத்துவது தைவான் நிறுவனம். உறுப்புகள் பல சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் வருகின்றன. ஏற்றுமதிக் கணக்கு இந்தியாவின் பெயரில் எழுதப்படுகின்றது. இதனை எந்த நாட்டின் தொழில் என்பது? நாட்டை அலகாகக் கொண்ட அவருடைய அளவுகோல் இங்கு வளைந்துவிடுகின்றது. எல்லை தாண்டி ஓடும் முதலைப் பற்றி மார்க்சு எழுதியது இவ்விடத்தில் நெருங்கி வருகின்றது.

ஆயினும் ஏற்றுமதித் தொகையை முன்வைத்து மகிழும் நம் நாளிதழ்களைவிட லிஸ்ட்டின் வினா இங்கும் கூர்மையானது. எத்தனை கைப்பேசிகள் கப்பலேறின என்று அவர் கேட்டிருக்க மாட்டார். அக்கைப்பேசியின் உறுப்புகளுள் எவற்றைச் செய்யக் கற்றுக்கொண்டீர்கள், அவ்வாலை நாளை வேறு நாட்டிற்குப் பெயர்ந்தால் அப்பெண்ணின் கையில் எத்தொழில் மிஞ்சும், அவளுக்குப் பயிற்சி தந்த பள்ளி எது என்பனவே அவர் கேட்டிருக்கக் கூடியவை. மருந்துத் தொழிலில் இவற்றிற்கு நம்மிடம் விடை இருந்தது. கைப்பேசித் தொழிலில் அவ்விடை இன்னும் எழுதி முடியவில்லை.